எதிர்வீட்டு அக்காவும் திருவாதிரை நட்சத்திரமும்

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் சாயங்காலம், எதிர்வீட்டு அக்காவின் மகன் ஒரு மஞ்சள் துணிப்பையோடு எங்கள் வீட்டுப் படியேறி வந்தான்.

"சித்தி, இதை உங்ககிட்டேதான் குடுக்கணும்னு அம்மா சொல்லியிருந்தாவ" என்று பையைத் திண்ணையில் வைத்தான். அதற்குமேல் அவனுக்கும் பேச வரவில்லை, எனக்கும் வரவில்லை.

பைக்குள் ஒரு பைனாகுலர் இருந்தது. அதன் வார் அறுந்த இடத்தில் ரவிக்கைத் துணியை மடித்துத் தைத்திருந்தாள். அதற்கடியில் பால் கணக்கு எழுதுகிற நீள நோட்டுகள், மொத்தம் பதினொன்று. பால் கணக்கோ மளிகைக் கணக்கோ அதில் கிடையாது. 1986-ம் வருஷத்திலிருந்து அக்கா மொட்டை மாடியில் நின்று பார்த்த நட்சத்திரங்களின் கணக்குதான் அத்தனையும்.

ஜோசியம் பார்ப்பாளோ என்று நினைத்துவிடாதீர்கள் சகோதரிகளே! அக்காவுக்கு ஜாதகம் பார்க்கத் தெரியாது. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. தையல் மிஷின் வைத்துத் தெருவில் எல்லோருக்கும் ரவிக்கை தைத்துக் கொடுப்பாள். வானத்தைப் பார்ப்பது அவளுக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். அந்தப் பிடித்தம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. (அவள் பெயரை எழுத வேண்டாம் என்று மகன் கேட்டுக்கொண்டதால், இங்கேயும் அவள் எனக்கு 'அக்கா'தான்.)

நான் கல்யாணமாகி தென்காசிக்கு வந்தது 1985-ல். ஊர் புதிது, தெரு புதிது. விடியற்காலம் நாலரைக்கெல்லாம் எழுந்து வாசல் தெளிக்க வேண்டும். மறு வருஷம் மார்ச் மாதத்தில் ஒரு நாள், வாளியோடு வாசலுக்கு வந்தேன். எதிர்வீட்டு மாடியிலிருந்து மெல்லிசாக ஒரு குரல் வந்தது.

"ஏ பிள்ளே, இங்கன ஒரு நிமிஷம் வந்துட்டுப் போ. வாளியை அங்கனயே வை."

பயந்துகொண்டேதான் போனேன். மாடியில் நின்று தென்கிழக்கே கையை நீட்டினாள். முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "நேரே பாக்காதே, கொஞ்சம் ஓரமாப் பாரு" என்றாள். பார்த்தேன். இலவம் பஞ்சைப் பிய்த்து ஊதிவிட்டது போல ஒரு மங்கல் வெளிச்சம். அதிலிருந்து மேல்நோக்கி ஒரு லேசான கீற்று.

"அதுதான் ஹாலி வால்நட்சத்திரம். எழுபத்தாறு வருஷத்துக்கு ஒருக்கா வருமாம். அடுத்தாப்பில 2061-ல. நாம இருக்கமாட்டோம். அதான் உன்னையும் கூப்பிட்டேன்."

வால்நட்சத்திரத்தைப் பார்த்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று எங்கள் அத்தை சொல்லியிருந்தது ஞாபகம் வந்து, எனக்கு உடம்பு நடுங்கியது. அக்கா சிரித்தாள். "அது பாட்டுக்கு சூரியனைச் சுத்திட்டுப் போகுது. ஒன் வீட்டுப் பக்கம் அதுக்கென்ன ஜோலி?"

அன்றைக்கு ஆரம்பித்த சிநேகிதம், முப்பத்தெட்டு வருஷம்.

வானத்தைப் பார்க்க ஏதேதோ கருவி வேண்டும், பெரிய படிப்பு வேண்டும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அக்காவின் முதல் கருவி அவள் கைதான். கையை நன்றாக நீட்டி முஷ்டியை மடக்கினால், அதன் அகலம் வானத்தில் ஏறக்குறைய பத்து டிகிரி. தென்காசியில் துருவ நட்சத்திரம் வடக்கே ஒன்பது டிகிரி உயரத்தில்தான் இருக்கும். அதாவது ஒரு முஷ்டிக்கும் கொஞ்சம் கீழே. சென்னையில் இதே நட்சத்திரம் பதின்மூன்று டிகிரியில் தெரியும். ஊரின் அட்சரேகை எத்தனையோ அத்தனை உயரத்தில் துருவ நட்சத்திரம் நிற்கும் என்பதை நான் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்திருக்கிறேன். அது என்னவென்று புரிந்தது அக்காவின் மாடியில்தான்.

தெற்கே பார்த்தால் அகத்தியர் நட்சத்திரம். மாசி மாதத்தில் இரவு ஒன்பது மணிவாக்கில் நேர் தெற்கே மூன்று முஷ்டி உயரத்தில் வெள்ளையாக ஜொலிக்கும். இரவு வானத்தில் சிரியஸுக்கு அடுத்தபடி பிரகாசமானது அதுதான். "பொதிகை மலைக்காரரு, நம்ம ஊருக்காரரு. வடக்கே இருக்கிறவங்களுக்கு இவ்வளவு உசரத்துல காட்சி குடுக்கமாட்டாரு" என்று அக்காவுக்கு அதில் ஒரு பெருமை.

கல்யாணத்தன்று பட்டப்பகலில் அருந்ததி பார்க்கச் சொல்கிறார்களே, நீங்களும் 'பார்த்தாச்சு' என்றுதானே தலையை ஆட்டினீர்கள்? நானும் அப்படித்தான். நிஜ அருந்ததியை எனக்குக் காட்டியது அக்கா. சித்திரை, வைகாசி இரவுகளில் வடக்கே சப்தரிஷி மண்டலம் தெரியும். அதன் வால் பகுதியில் நடுவே இருப்பது வசிஷ்டர். அவரை ஒட்டினாற்போல மினுக்கென்று ஒரு சின்னப் புள்ளி அருந்ததி. கண் பார்வை நன்றாக இருப்பவர்களுக்கு வெறும் கண்ணாலேயே தெரியும்.

எங்களுக்கு மேற்கு வானம்தான் குறை. அந்தப் பக்கம் முழுக்கக் குற்றாலம் மலை. மூன்றாம் பிறை கூட மற்ற ஊர்க்காரர்களுக்கு முன்பே எங்களுக்கு மறைந்துவிடும். 1997-ல் ஹேல்-பாப் வால்நட்சத்திரம் வடமேற்கில் தாழ்வாகத் தெரிந்தபோது, காய்கறிச் சந்தைக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, கிழக்கே பாவூர்சத்திரத்துக்கு பஸ் ஏறினோம். அக்காவின் சொந்தக்காரர் வீட்டு மாடியிலிருந்து, வால் விரித்த அழகை ஆசை தீரப் பார்த்தோம். திரும்பி வரும்போது மறக்காமல் இரண்டு கிலோ கத்திரிக்காயும் வாங்கிக்கொண்டோம்!

இதெல்லாம் வீட்டு வேலையைப் போட்டுவிட்டுச் செய்ததல்ல. பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்து, மறுநாள் தோசைக்கு மாவு கரைத்து வைத்த பிறகு, ஒரு அரை மணி நேரம். 'ராத்திரியில் இந்தப் பொம்பளைகளுக்கு மாடியில் என்ன பேச்சு?' என்று தெருவில் பேசியதும் உண்டு. அக்கா பதிலே சொல்லவில்லை. அப்படிப் பேசிய வீட்டுப் பிள்ளைகளையே கூப்பிட்டு, பைனாகுலரை மாடிச் சுவரில் சாய்த்துவைத்து, வியாழனின் சந்திரன்களைக் காட்டினாள். பேச்சு நின்றுவிட்டது.

2010-ம் வருஷம் ஜனவரி 15. மாட்டுப் பொங்கல், தை அமாவாசை, அதோடு கங்கண சூரிய கிரகணம். மத்தியானம் ஒரு மணியைத் தாண்டி, சூரியன் நடுவே கறுத்து ஓரம் மட்டும் வளையலாக நிற்கும் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். தெருவே கதவைச் சாத்திக்கொண்டது. சூரியனை நேராகப் பார்த்தால் கண் போய்விடும் என்பது நிஜம். அதற்காக அக்கா உள்ளே உட்காரவில்லை. பூரி அரிக்கிற ஜல்லிக்கரண்டியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். சூரியனுக்கு முதுகைக் காட்டி, கரண்டியை உயரப் பிடித்தாள். ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு வளையம் வீதம், தரை முழுக்கக் குட்டிக் குட்டி ஒளி வளையல்கள்! வேப்ப மரத்து நிழலிலும் இலைச் சந்துகள் வழியே அதே வளையல்கள். கதவைச் சாத்தியிருந்த பெண்கள் ஒவ்வொருவராக எட்டிப் பார்க்க வந்துவிட்டார்கள்.

ஆனால் வானம் நினைத்தபோதெல்லாம் காட்சி தராது. குற்றால சீசன் வந்துவிட்டால் ஊரெல்லாம் சந்தோஷப்படும், எங்கள் இரண்டு பேருக்கும் முகம் வாடும். 2018 ஜூலை 27 இரவு, இந்த நூற்றாண்டிலேயே நீளமான முழு சந்திர கிரகணம். ஒரு மணி நேரம் நாற்பத்துமூன்று நிமிஷம் சந்திரன் முழுசாக மறைந்திருக்கும். பக்கத்திலேயே செவ்வாயும் பளபளவென்று நிற்கும் என்றார்கள். சாரல் நனைக்க நனைக்க, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மூன்று மணி வரை உட்கார்ந்திருந்தோம். ஒரு தடவை கூட மேகம் விலகவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்கா டார்ச் வெளிச்சத்தில் நோட்டை எடுத்து எழுதினாள்: "மேகம். பார்க்கவில்லை."

"பாக்காததை எதுக்கு அக்கா எழுதுதீங்க?" என்று கேட்டேன்.

"பாத்ததைப் பாத்தேன்னும், பாக்காததைப் பாக்கலைன்னும் எழுதினாத்தான் பிள்ளே அது கணக்கு."

அந்த நேர்மை அவளுக்கு இன்னொருவரிடமிருந்தும் வந்தது. வங்காளத்தில் ராதாகோவிந்த சந்திரா என்று ஒருவர் இருந்தார். 1878-ல் பிறந்தவர். இப்போது வங்காளதேசத்தில் இருக்கும் ஜெஸ்ஸோரில் அரசாங்கக் கருவூலத்தில் சாதாரண குமாஸ்தா. கல்லூரிப் படிப்பில்லை. 1910-ல் இதே ஹாலியைப் பார்த்து வானத்தின் மேல் பித்துப் பிடித்தது. கைக்காசில் ஒரு சின்னத் தொலைநோக்கி வாங்கினார். வானத்தில் சில நட்சத்திரங்கள் கூடியும் குறைந்தும் ஒளி மாறும். அவற்றை இரவிரவாகக் கவனித்து, அமெரிக்காவிலே இதற்கென்றே உள்ள சங்கத்துக்குத் தபாலில் அனுப்பிக்கொண்டே இருந்தார். அவர் அனுப்பிய கணக்குகள் 37 ஆயிரத்துக்கு மேல்! மகிழ்ந்துபோன அந்தச் சங்கம் ஒரு ஆறு அங்குலத் தொலைநோக்கியைக் கப்பலேற்றி அவருக்கு அனுப்பியது. அவர் 1975-ல் காலமானார். அந்தத் தொலைநோக்கி விஞ்ஞானி வைணு பாப்புவின் கைக்கு வந்து, கடைசியில் நம் தமிழ்நாட்டுக் காவலூர் வான் ஆய்வகத்துக்கே வந்து சேர்ந்தது.

நூலகத்தில் படித்துவிட்டு இந்தக் கதையை அக்காவுக்குச் சொன்னது நான்தான். அவள் வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எழுதினது பெரிசில்ல பிள்ளே, அனுப்பினாரு பாரு, அதுதான் பெரிசு" என்றாள். அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதன் பிறகு அக்காவும் ஒளி மாறும் நட்சத்திரங்களைக் கவனிக்க ஆரம்பித்தாள். விஷயம் சுலபம்தான். ஒரு குவியல் அரிசியைப் பார்த்து 'உழக்குக்கு மேலே, நாழிக்குக் கீழே' என்று நாம் சொல்கிறோமில்லையா? அதே போல, மாறாத இரண்டு நட்சத்திரங்களை அளவாக வைத்துக்கொண்டு, மாறுகிற நட்சத்திரம் இரண்டுக்கும் நடுவில் எங்கே என்று சொல்ல வேண்டும். அவளுக்குப் பிடித்தது திருவாதிரை. மார்கழியில் களி செய்து கும்பிடுகிறோமே, அந்தச் சிவப்பு நட்சத்திரம்தான்.

2019 டிசம்பரில், மழை விட்ட ஒரு இரவில் அக்கா என்னை அவசரமாகக் கூப்பிட்டாள். "திருவாதிரைக்கு என்னமோ ஆயிட்டு பிள்ளே. ரோகிணியை விட மங்கிட்டு, பாரு!" எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. பிறகு பத்திரிகையிலும் வந்தது. உலகத்து விஞ்ஞானிகளெல்லாம் திருவாதிரை மங்குவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது வெடிக்கப் போகிறதோ என்று கூடப் பேச்சு எழுந்தது.

2020 ஜனவரி 10, ஆருத்ரா தரிசனம். குற்றாலத்துச் சித்திர சபை நடராஜரின் ஐந்து சபைகளில் ஒன்றல்லவா? வருஷா வருஷம் போவது போல நானும் அக்காவும் விடியுமுன்னே போனோம். நாங்கள் போய் இறங்கியபோது பௌர்ணமி நிலவு மேற்கே சாய்ந்திருந்தது. திருவாதிரை அதற்குள் மலைக்குப் பின்னே இறங்கிவிட்டது. அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "சாமி, அது மறுபடி பழைய மாதிரி ஆகணும்" என்று நட்சத்திரத்துக்காக வேண்டிக்கொண்டாள்!

பிப்ரவரியில் அது இன்னும் குறைந்து, ஏப்ரலுக்குள் பழைய ஒளிக்குத் திரும்பியது. நட்சத்திரம் தன் மேல்பரப்பிலிருந்து வீசி எறிந்த பொருள் ஆறித் தூசியாகி, நமக்கும் அதற்கும் நடுவே திரை போட்டதுதான் காரணம் என்று பிற்பாடு விஞ்ஞானிகள் சொன்னார்கள். "பாத்தியா, அதுக்கும் ஒரு மேகந்தான்" என்றாள் அக்கா.

இனி எழுதப்போவது எனக்குக் கஷ்டமான விஷயம்.

2022 ஆடி மாதம். சாரல் விட்ட ஒரு நாள் மாடியில் நின்றிருந்தோம். அக்கா பைனாகுலரை வலது கையால் மட்டும் பிடித்து, சுவரில் ஊன்றிக்கொண்டு பார்த்தாள். "இடது கைக்கு என்ன அக்கா?" என்றேன். "தையல் மிஷினே கதின்னு கிடந்தா தோள்பட்டை பிடிக்காம என்ன செய்யும்?" என்றாள். நானும் "வெந்நீர் ஒத்தடம் குடுங்க" என்று சொல்லிவிட்டு விட்டுவிட்டேன்.

புரட்டாசியில் கை வீங்கிய பிறகுதான் மருமகளிடம் சொல்லியிருக்கிறாள். மார்பில் கட்டி. டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, புற்றுநோய், அக்குளிலும் பரவியிருக்கிறது என்றார். அறுவைச் சிகிச்சை, மருந்து, கதிர்வீச்சு எல்லாம் நடந்தது. ஒன்றரை வருஷம் போராடினாள். 2024 மாசியில், முடியாத உடம்போடு மாடிக்குப் போக வேண்டும் என்று கேட்டாள். மகன் தூக்கிக்கொண்டு போய்க் கயிற்றுக் கட்டிலில் கிடத்தினான். கையை நீட்டி முஷ்டியை மடக்க அவளால் முடியவில்லை. நான் அவள் கையைப் பிடித்து நீட்டினேன். "மூணு முஷ்டி... சரியா இருக்காரு" என்று அகத்தியரைப் பார்த்துச் சொன்னாள். பங்குனியில் போய்விட்டாள்.

அந்தப் பதினோராவது நோட்டைப் பிரித்துப் படித்த இரவுதான் எனக்குத் தூக்கம் போயிற்று. 2022 ஜனவரியில், திருவாதிரைக் கணக்குக்குக் கீழே, அதே கையெழுத்தில் ஒரு வரி இருந்தது:

"இடது பக்கம். சுண்டைக்காய் அளவு. வலி இல்லை."

மார்ச்சில்: "இடது பக்கம். அதே இடம். கொஞ்சம் பெரிசு. வலி இல்லை."

ஜூனில்: "நெல்லிக்காய் அளவு. வலி இல்லை."

படித்துவிட்டு நோட்டை மூடிவிட்டேன். ரோகிணியை விடத் திருவாதிரை மங்கியதை உடனே கண்டுபிடித்துத் தெருவைக் கூப்பிட்ட அக்கா, தன் உடம்பில் நடந்த மாறுதலையும் அதே கவனத்தோடு பார்த்திருக்கிறாள். அதே நேர்மையோடு எழுதியும் இருக்கிறாள். ஒன்பது மாசம் யாருக்கும் சொல்லவில்லை. ஏன் என்று நான் ஆஸ்பத்திரியில் ஒரு முறை கேட்டேன். "பேத்தி கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன். வலிதான் இல்லையே... பெறகு, இதைப் போய் யாருகிட்டே காட்டுதது? வெட்கமா இருந்துச்சு" என்றாள்.

ராதாகோவிந்த சந்திராவைப் பற்றி அவள் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழுதினது பெரிசில்லை, அனுப்பினதுதான் பெரிசு! கண்டதைச் சொல்ல வேண்டியவரிடம் சொல்லாவிட்டால், எவ்வளவு சரியான கணக்கும் நோட்டுக்குள்ளேயே கிடக்கும். என் பேரிலும் குற்றம் உண்டு. தோள்பட்டை வலி என்றதும் நம்பிவிட்டேனே, இன்னும் ஒரு கேள்வி கேட்டிருக்கலாமே என்று இன்றுவரை மனம் ஆறவில்லை.

டாக்டரம்மா எங்களிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். மார்பகப் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. ஆகவே 'வலி இல்லை' என்பது தைரியமாக இருப்பதற்குக் காரணமல்ல. கட்டி, தோல் குழிவது, காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பிலிருந்து நீரோ ரத்தமோ கசிவது, அக்குளில் வீக்கம், இதில் எது தெரிந்தாலும் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். எல்லாக் கட்டியும் புற்றுநோய் அல்ல, பெரும்பாலானவை சாதாரணக் கட்டிகள்தான். எது எப்படி என்று சோதித்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர், நாமல்ல. சீக்கிரம் கண்டுபிடித்தால் குணமாகும் வாய்ப்பு மிக அதிகம். முப்பது வயது தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பரிசோதித்துப் பார்க்கிறார்கள். மாதவிலக்கு முடிந்த சில நாட்களில், அது நின்றுவிட்டவர்கள் மாதத்தில் ஒரு தேதி வைத்துக்கொண்டு, நம் உடம்பின் வழக்கமான நிலையை நாமே தெரிந்துவைத்திருப்பது நல்லது. வழக்கம் தெரிந்தால்தான் மாறுதல் தெரியும். திருவாதிரை விஷயத்தில் அக்காவுக்குத் தெரிந்ததும் அப்படித்தானே!

பதினோராவது நோட்டில் பாதிப் பக்கங்கள் காலியாக இருந்தன. அதில் இப்போது நான் எழுதுகிறேன். என் கண்ணுக்கு அவள் கண்ணின் கூர்மை கிடையாது. ஆனாலும் திருவாதிரை, ரோகிணி, அகத்தியர் என்று தெரிந்ததை எழுதுகிறேன். மேகம் மூடிய நாளில் "மேகம். பார்க்கவில்லை" என்று எழுதுகிறேன்.

ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, நானும் அக்காவின் மருமகளும் ஒருவரை ஒருவர் ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறோம்: "பாத்தாச்சா? ஏதாச்சும் மாறுதல் இருக்கா?" பதில் சொல்லாமல் இருவரில் யாரும் மற்றவளை விடுவதில்லை.

உங்கள் எதிர்வீட்டு அக்காவையும் இன்றைக்கு ஒரு தடவை கேட்டுவிடுங்கள். "தோள்பட்டை வலி" என்று அவள் சொன்னால், தயவுசெய்து இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள்.